விராலிமலைத் திருவிழாவில் பெரிய மேளம் கேட்பது எப்படி

நாதஸ்வரம் காதில் விழாத தமிழர் இல்லை. ஆனால் ஒரு ராகத்தை அதில் முழுதாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கல்யாண வீட்டில் பந்திப் பேச்சுக்கு நடுவே அது ஒலிக்கிறது. கோயிலில் தீபாராதனைக்குக் கூட்டம் முண்டியடிக்கும்போது ஒலிக்கிறது. இந்த அத்தியாயம் ஒரே ஒரு காரியத்துக்கு வழிகாட்டும்: விராலிமலை சுப்பிரமணிய சுவாமி கோயில் திருவிழாவில், ஓர் இரவு சுவாமி புறப்பாட்டோடு நடந்து, ஒரு ராக ஆலாபனையையாவது முதலிலிருந்து முடிவுவரை கேட்பது. சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் நிற்கவும் நடக்கவும் கால் வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் பேசாமல் இருக்க மனம் வேண்டும்.

விராலிமலையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சதிராட்டத்தைச் சின்ன மேளம் என்றும், நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த குழுவைப் பெரிய மேளம் என்றும் நம் கோயில்களில் சொல்வார்கள். இந்த ஊர் சின்ன மேளத்தின் பெரிய வீடு. தினமும் மலையேறி முருகன் சந்நிதியில் பாடி ஆடிய பெண்களின் வழியில் வந்த விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. அருணகிரிநாதர் இந்த முருகன்மேல் திருப்புகழ் பாடியிருக்கிறார். விராலிமலைக் குறவஞ்சி என்று ஊரின் பெயரிலேயே ஒரு நாடகம் இருக்கிறது. இசையைக் கோயில் வேலையாகச் செய்து பழகிய ஊர் இது. இங்கே நின்று கேட்பதை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.

எந்த நாள், எந்த வேளை

விராலிமலையில் இரண்டு பெரிய விழாக்கள் உங்களுக்குப் பயன்படும். ஒன்று தைப்பூசம் (ஜனவரி–பிப்ரவரி), மற்றொன்று வைகாசி விசாகம் (மே–ஜூன்). இரண்டிலும் கொடியேற்றம், தினசரி வீதியுலா, தேர் எல்லாம் உண்டு. புதிதாகக் கேட்க வருபவர்களுக்குத் தைப்பூசத்தைத்தான் சொல்வேன். பனி இருக்கும், வெயில் கடுமை இருக்காது, இரவு நெடுநேரம் நடக்கலாம். வைகாசியில் கருங்கல் படி சூடு தணியவே மாலை 6 மணி ஆகிவிடும்.

பெரும்பாலானவர்கள் தேர் நாளன்று வருகிறார்கள். சுவாமியைப் பார்க்க அது சரியான நாள். மேளம் கேட்க அதைவிட மோசமான நாள் இல்லை. வடம் பிடிக்கும் கூச்சல், ஒலிபெருக்கி, வெடி, காவல்துறை அறிவிப்பு எல்லாம் சேர்ந்து நாதஸ்வரத்தை விழுங்கிவிடும். கொடியேற்றத்துக்கும் தேருக்கும் இடைப்பட்ட ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். மண்டகப்படிதாரர் (அன்றைய விழாச் செலவை ஏற்பவர்) யார், எத்தனை மணிக்குப் புறப்பாடு என்பது திருவிழா அழைப்பிதழில் நாள்வாரியாக அச்சிட்டிருக்கும். அன்றைய மண்டகப்படிக்கு வெளியூர் வித்வான் யாராவது வருகிறாரா என்று கோயில் அலுவலகத்திலோ அடிவாரத்துப் பூக்கடையிலோ கேளுங்கள். பூக்கடைக்காரர்களுக்கு இது அநேகமாக முன்பே தெரிந்திருக்கும்.

போவதற்கு முந்தின வாரம்

1. மூன்று பேரின் பதிவுகளைக் கேளுங்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த தோடி முதலில். பிறகு காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). மூன்றாவதாக ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தில் பிறந்து, விராலிமலைக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அரங்கன் சந்நிதியில் வாசித்து வாழ்ந்தவர் மௌலானா. சென்னை மியூசிக் அகாடமி 1998-இல் அவருக்கு சங்கீத கலாநிதி விருது அளித்தது.

2. தவிலைத் தனியாகக் கேளுங்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இருவரில் ஒருவரின் பதிவு போதும். காது தவிலுக்குப் பழகாதவர்களுக்குத் திருவிழாவில் முதல் பத்து நிமிஷம் வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும்.

3. சினிமா வழியாக வர விரும்பினால் அதுவும் நல்ல வழி. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகி குரலோடு போட்டி போடும் நாதஸ்வரம் காருகுறிச்சியாருடையது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜியின் விரல்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள்.

4. ஆதி தாளம் போடப் பழகுங்கள். வலது கையால் தொடையில் ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கை. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. சமையலறையில் நின்றபடி இதை நிற்காமல் பத்து நிமிஷம் போட முடிந்தால் போதும்.

இதற்கு மேல் படிக்க வேண்டாம். ராகப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் அங்கே பெயரைக் கண்டுபிடிப்பதிலேயே நேரத்தைப் போக்கிவிடுகிறார்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

தண்ணீர் பாட்டில், பருத்தித் துண்டு, சிறிய டார்ச், பஞ்சு அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான், சில்லறை நோட்டுகள். தைப்பூசமென்றால் காதையும் கழுத்தையும் மூடும் சால்வை. கழற்றி மாட்ட எளிதான செருப்பு. சுவாமிக்கு அருகில் நடக்கும்போது வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். ஆகவே செருப்பை வைக்க ஒரு துணிப்பை இருந்தால் அதைத் தேடித் திரும்பி வர வேண்டியதில்லை. மலையில் குரங்குகள் உண்டு. பழம், தேங்காய், பொட்டலம் எதையும் கையில் தொங்கவிட்டபடி படி ஏறாதீர்கள்.

ஊருக்கு வந்து சேர்தல்

விராலிமலை திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில், திருச்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்தும் பேருந்து உண்டு. மதுரைக்குப் போகும் எல்லாப் பேருந்தும் ஊருக்குள் நுழையாது; ஏறும்போதே நடத்துநரிடம், “விராலிமலை ஊருக்குள்ள போகுமாண்ணே, பைபாஸ்ல எறக்கிவிடுவீங்களா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் நெடுஞ்சாலையில் இறங்கினால், சாலையைக் குறுக்கே கடக்காமல், பாலத்தின் கீழோ சந்திப்பிலோ மட்டும் கடந்து வாருங்கள்.

மாலை 5 மணிக்கே வந்துவிடுவது நல்லது. வெளிச்சம் இருக்கும்போது 200-க்குச் சற்று மேற்பட்ட படிகளை ஏறி, மயில்மேல் அமர்ந்த ஆறுமுகனைத் தரிசித்துவிட்டு, மேலிருந்து ஊரின் வீதிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருப்பம் அகலமானது, எந்தச் சந்து குறுகலானது என்று மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். இரவில் அது உதவும். படி ஏற இயலாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீதியுலா கீழேதான் நடக்கிறது.

யார் யார், எங்கே நிற்கிறார்கள்

ஒரு செட்டில் வழக்கமாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம் (ஜால்ரா), ஒரு சுருதிப்பெட்டி. முன்பெல்லாம் சுருதிக்கு ஒத்து என்ற தனி நாயனத்தை ஒருவர் விடாமல் ஊதிக்கொண்டிருப்பார்.

நாதஸ்வரத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது மூன்று பாகங்கள். வாயில் வைக்கும் சீவாளி, நாணல் வகைத் தட்டையில் செய்தது. நீண்ட மரக்குழல் ஆச்சா மரத்தில் கடைந்தது. அடியில் விரிந்திருப்பது அணசு. குழலில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே உள்ளவை சுருதியைச் சரிசெய்ய. இன்றைக்கு நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் நீளமான பாரி நாயனம். இதன் கனமான, தாழ்ந்த சுருதி ராஜரத்தினம் பிள்ளை காலத்தில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் இருந்த திமிரி நாயனம் குட்டையானது, கூரிய குரல் கொண்டது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தவிலின் உடல் பலா மரம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறுபக்கத்தை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். தொலைவிலிருந்து கேட்டாலும் தனித்துத் தெரியும் அந்தச் சுளீர் என்ற சொற்கள் கூட்டிலிருந்துதான் வருகின்றன.

ஊர்வலத்தில் வரிசை முக்கியம். எல்லாருக்கும் முன்னே போவது பேண்டு, செண்டை, கொம்பு போன்றவை. சுவாமிக்கு நேர் முன்னே வருவதுதான் பெரிய மேளம். அண்மைக் காலமாகச் செண்டை மேளத்தை எல்லா ஊரிலும் அழைக்கிறார்கள். அது தன்னளவில் பெரிய கலை. ஆனால் இருபதடி தூரத்தில் அது முழங்கும்போது நாதஸ்வர ஆலாபனை செத்துவிடும். இரண்டு குழுக்களுக்கும் நடுவே நூறடியாவது இடைவெளி விழும்வரை காத்திருங்கள். முன்னே போகிறவர்கள் வேகமாகப் போவார்கள், பெரிய மேளம் சுவாமியின் நடைக்கு நடக்கும். இடைவெளி தானாக விழும்.

அன்றிரவு: படிப்படியாக

கோயிலுக்குக் கோயில் சம்பிரதாயம் மாறும். மண்டகப்படிதாரரின் விருப்பத்துக்கும் வித்வானின் மனசுக்கும் ஏற்ப வரிசை கூடும், குறையும். பொதுவான ஒழுங்கைச் சொல்கிறேன்.

1. புறப்பாட்டுக்கு அரைமணி முன்பே இடம் பிடியுங்கள். வாசலுக்கு நேரே நிற்க வேண்டாம். சுவாமி வெளியே வந்ததும் கூட்டம் உங்களைத் தள்ளிவிடும். வாசலிலிருந்து பக்கவாட்டில் பத்துப் பதினைந்தடி தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவரோ தூணோ இருக்கும் இடமாகப் பாருங்கள்.

2. முதலில் தவில் மட்டும் ஒலிக்கும். கூட்டம் இதைச் சைகையாக எடுத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கும். நீங்கள் அப்போதே தாளத்தைப் பிடித்துவிடுங்கள். ஜால்ரா தட்டுபவரின் கையைப் பார்த்தால் தாளம் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

3. அடுத்து மல்லாரி. சொற்கள் இல்லாத உருப்படி. ராகம் கம்பீர நாட்டை. சுவாமி புறப்படுகிறார் என்று ஊருக்கே அறிவிப்பது அதன் வேலை. ஒரே சொற்கட்டை முதலில் நிதானமாகவும், பிறகு இரட்டிப்பு வேகத்திலும், அதற்கும் மேலான வேகத்திலும் வாசிப்பார்கள். மூன்றுமூன்றாக அடுக்கும் திஸ்ர நடையிலும் வரும். தாளம் மட்டும் மாறவே மாறாது. உங்கள் கையிலுள்ள எட்டு எண்ணிக்கையை விடாமல் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள். கை ஒரே வேகத்தில் நடக்க, காதில் இசை ஓடத் தொடங்கும் அந்த நொடியில் மல்லாரி உங்களுக்குப் புரிந்துவிடும். சுவாமிக்குத் தளிகை கொண்டுவரும் நேரத்தில் ஒன்று, தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என மல்லாரியில் வகைகள் இருக்கின்றன. இன்றைக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

4. சுவாமி வீதிக்கு இறங்கி நடக்கத் தொடங்கியதும் மேளத்துக்கு முன்னால் போய்விடுங்கள். இதுதான் இந்த அத்தியாயத்தில் நான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புவது. பின்னால் நடப்பவருக்குச் சுவாமி வரும் சப்பரத்தின் ஜெனரேட்டர் சத்தம் மட்டுமே கேட்கும். அணசு நோக்கும் திசையில்தான் நாதம் போகிறது.

5. வீதி முனையில், சந்தியில், மண்டகப்படி வாசலில் சுவாமி நிற்பார். வித்வான்களும் நின்று, சுவாமியை நோக்கியோ கூட்டத்தை நோக்கியோ திரும்பிக்கொள்வார்கள். ஆலாபனை இங்கேதான் நடக்கும். ஆகவே ஊர்வலத்தோடு முழுதும் நடக்காமல், மாலையில் மேலிருந்து பார்த்து வைத்த அகலமான திருப்பத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். அனுபவமுள்ள ரசிகர்கள் அப்படித்தான் செய்வார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திண்ணையோரம் அமைதியாக நிற்கும் பெரியவர்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

6. ஆலாபனை தொடங்கியதும் தாளம் போடுவதை நிறுத்திவிடுங்கள். அதற்குத் தாளக் கணக்கு கிடையாது. தவில் இடையிடையே மட்டும் பேசும். வித்வான் முதலில் ராகத்தின் முகத்தை இரண்டு மூன்று நீண்ட பிடிகளில் காட்டுவார். பிறகு ஒரு சுரத்தில் வந்து நின்று, அதைச் சுற்றிச் சுற்றி வருவார். கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, மேல் ஸ்தாயி சட்ஜத்தில் நெடுநேரம் நிற்பார். அந்த நீண்ட கார்வையில் கூட்டம் தானாக அமைதியாகும். பிறகு வேகமான பிருகாக்கள். பின் இறங்கி, தொடங்கிய இடத்துக்கே வருவார். ஏறிய வழி, நின்ற இடம், இறங்கிய வழி மூன்றையும் பின்தொடர்ந்தால் போதும். ராகத்தின் பெயர் தேவையில்லை. பக்கத்துப் பெரியவரிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். மாலையென்றால் கல்யாணி, பூர்விகல்யாணி, இரவு ஏற ஏறக் காம்போதி, தோடி, கரகரப்ரியா என்பதெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவை.

7. இரண்டு நாதஸ்வரக்காரர்களும் மாறி மாறி வாசிப்பதைக் கவனியுங்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறாரா, அல்லது வேறொரு வாசலைத் திறக்கிறாரா? இணக்கமான ஜோடிகளிடம் இந்தக் கைமாற்றம் கேட்கக் கேட்க அலுக்காது.

8. கீர்த்தனை, திருப்புகழ், தேவாரம் எல்லாம் இதற்குப் பிறகு வரும். விராலிமலைத் திருப்புகழ் ஒன்றை வாசிக்கும்படி இடைவெளியில் பணிவோடு கேட்கலாம். அருணகிரியின் சந்தங்களுக்கும் தவிலுக்கும் உள்ள பொருத்தத்தை இந்த ஊரில் கேட்பது தனி அனுபவம். ஊர்வலம் முடிகிற நேரத்தில் சினிமாப் பாட்டும் வரலாம், அதையும் ரசியுங்கள்.

9. சுவாமி திரும்பி வரும்போது கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும். அவசரப்பட்டுப் பேருந்துக்கு ஓடாதீர்கள். கூட்டம் குறைந்த வீதியில், கேட்பவர்கள் மட்டும் எஞ்சி நிற்கும்போது, பல வித்வான்கள் மனம் விட்டு வாசிக்கிறார்கள். நீலாம்பரியோ ஆனந்தபைரவியோ அந்த நேரத்தில்தான் கேட்கக் கிடைக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*வித்வான் நிறுத்தியதும் நகர்ந்துவிடுவது.* உருப்படிகளுக்கு நடுவே அவர் சீவாளியை மாற்றுவார், நனைப்பார், கெண்டையில் (சீவாளி மாட்டும் உலோக முனையில்) சரியாகப் பொருத்திப் பார்ப்பார். நாதஸ்வரத்திலிருந்து நூலில் தொங்கும் சீவாளிகள் அலங்காரத்துக்கானவை அல்ல. பனியில் ஒன்று சுருங்கும், வாய்ச்சூட்டில் ஒன்று தளரும், அதற்காக வைத்திருக்கும் மாற்றுகள். இரண்டு நிமிஷம் காத்திருங்கள். பெரும்பாலும் அடுத்துத்தான் அன்றிரவின் முக்கியமான ராகம் வரும்.

*முகத்துக்கு நேரே செல்பேசி வெளிச்சம்.* வாசிப்பவரின் கண் கூசினால் மூச்சு பிசகும். படம் எடுப்பதானால் ஃப்ளாஷை அணைத்து, ஒன்றிரண்டு எடுத்துவிட்டுப் பையில் வையுங்கள். முழு ஆலாபனையையும் பதிவு செய்ய விரும்பினால் முன்பே அனுமதி கேளுங்கள். அணசுக்கு அருகே செல்பேசியைப் பிடித்தால் பதிவு பிளந்துதான் போகும். இருபதடி தள்ளிப் பிடியுங்கள்.

*தப்பான இடத்தில் கைதட்டுவது.* கல்லூரி அரங்கில் மேற்கத்திய ஊதுகருவிப் பேண்டு கச்சேரிக்குப் போய்ப் பழகியவர்கள், ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்து இசை நடத்துநர் கையை இறக்கும்வரை அசையாமல் இருக்கக் கற்றிருப்பார்கள். இங்கே அந்த இறுக்கம் வேண்டாம். நல்ல பிடி வந்தால் தலையசைக்கலாம், “ஆஹா” என்றோ “பலே” என்றோ வாய்விட்டுச் சொல்லலாம். வித்வானுக்கு அது ஊக்கம். நீண்ட கார்வையின் நடுவே கைதட்டுவதுதான் கூடாது.

*தவில் தனி தொடங்கியதும் டீ குடிக்கப் போவது.* இரண்டு தவில்காரர்கள் எதிரெதிரே நின்று சொல்லுக்குச் சொல் கொடுப்பது ஊர்வலத்தின் உச்சங்களில் ஒன்று. விராலிமலை இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தின் தாள மரபே தவிலிலிருந்து கிளைத்தது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை ஒரு தவில்காரரிடம் பாடம் கேட்டவர்.

*மின்சார மேளத்தோடு போட்டி.* பல கோயில்களில் தீபாராதனையின்போது மோட்டார் வைத்த முரசும் மணியும் ஓடும். அது ஓடும்வரை நாதஸ்வரம் கேட்காது. பொறுத்திருங்கள், நின்ற பிறகு கேட்கத் தொடங்குங்கள். கேட்கும் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்து, மேளக்காரர் இருக்கும் நாளிலாவது அதை ஓட்ட வேண்டாம் என்று அலுவலகத்தில் வேண்டிக்கொள்வதில் தவறே இல்லை. செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

பாதுகாப்பு

காது முதலில். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது செவிக்குக் கெடுதல் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்பதும் தொழிலிடங்களுக்கு வகுத்த கணக்கு. நாதஸ்வரமும் இரண்டு தவிலும் பக்கத்திலிருந்து ஒலிக்கும் அளவு 85-ஐச் சுலபமாகத் தாண்டும். ஆகவே:

– தவிலின் தோலுக்கு நேரே நிற்காதீர்கள். பதினைந்து இருபதடி தள்ளி, சற்றுச் சாய்வாக நில்லுங்கள். இசையும் அங்கேதான் கலந்து நன்றாகக் கேட்கும்.
– கைக்குழந்தையை மேளத்தின் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குக் காதடைப்பான் போடுங்கள்.
– குறுகலான சந்தில் சுவர்கள் ஒலியைத் திருப்பியடிக்கும். அங்கே நிற்காமல் அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுங்கள்.
– இரவு முடிந்தபின் காதில் இரைச்சல் இருந்தால் மறுநாள் காதுக்கு முழு ஓய்வு கொடுங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தேர் நாளன்று வந்துவிட்டீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022 ஜூலை 31 அன்று புதுக்கோட்டை திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் தேர் முன்பக்கமாகச் சாய்ந்து பக்தர்கள் காயமடைந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேரில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் உயிரிழந்தார்கள். மேளம் தேருக்கு முன்னால் போகிறது என்பதற்காக நீங்களும் தேருக்கும் வடத்துக்கும் நடுவே போகாதீர்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலோ முட்டுக்கட்டை போடுபவர்கள் ஓடும் பாதையிலோ நிற்காதீர்கள். மேலே மின்கம்பி போகும் இடங்களைப் பகலிலேயே பார்த்து வைத்து, தேர் அங்கே வரும்போது விலகி நில்லுங்கள். மழைத்தூறல் விழுந்து தெரு ஈரமானால் சப்பரத்தின் விளக்கு ஒயர்களையோ ஜெனரேட்டர் வண்டியையோ தொடவே கூடாது. வாணவேடிக்கைக்குக் கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நம் இடம். கூட்டம் நெருக்கினால் எதிர்த்துத் தள்ளாமல், கைகளை மார்புக்கு முன் மடித்து வைத்துக்கொண்டு, குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் செல்பேசி எண்ணை எழுதி வையுங்கள்.

நனைந்த படியில் மலையிறங்க வேண்டியிருந்தால் கைப்பிடியைப் பிடித்து, விளக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

வித்வானிடம் பேசுவது

ஊர்வலம் முடிந்து செட்டைக் கலைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது போய்ப் பேசலாம். வாசித்து முடித்த உடனே வேண்டாம். அவர் தண்ணீர் குடிக்கட்டும்.

“ஐயா, வணக்கம். அந்த முனையில நீங்க வாசிச்ச ராகத்தை முழுசா நின்னு கேட்டேங்க. என்ன ராகங்கய்யா அது?” இவ்வளவு போதும். இளைஞராக இருந்தால் “தம்பி” என்று தொடங்கிவிடாதீர்கள். வயது எதுவானாலும் கையில் வாத்தியம் இருப்பவரை “ஐயா” என்றோ “வித்வான்” என்றோ அழையுங்கள். தோளில் துண்டு போட்டபடி வாசிக்கக்கூட விடாத காலம் ஒன்று இந்தக் கலைஞர்களுக்கு இருந்தது. ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்கள் சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து வாசித்துத்தான் அதை மாற்றினார்கள். அந்த நினைப்பு நம் பேச்சில் இருக்க வேண்டும்.

பணம் கொடுக்க விரும்பினால் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்தோ, மடித்து இரண்டு கையாலோ கொடுங்கள். வாசிக்கும்போது சட்டையில் நோட்டைக் குத்துவது அவர் மூச்சைக் கெடுக்கும். நாதஸ்வரக்காரருக்குக் கொடுத்தால் தவில்காரரையும் தாளக்காரரையும் விட்டுவிடக் கூடாது. சால்வை போர்த்துவதை ஊர்வலத்தின் நடுவில் செய்ய வேண்டுமென்றால் மண்டகப்படிதாரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மாணவர் மேளம் வந்தால்

சில விழாக்களில் இசைக் கல்லூரி மாணவர்களோ அரசு இசைப்பள்ளி மாணவர்களோ சேர்ந்து வாசிப்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் நாதஸ்வரமும் தவிலும் பாடங்கள். பழனியில் கோயிலே பயிற்சி தருகிறது. தமிழ்நாட்டின் இசைக் கல்லூரிகளுக்கென 2013-இல் தனிப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது.

பல நாதஸ்வரங்கள் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது ஆலாபனையை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே கேட்க வேண்டியது ஒருமைப்பாடு: சுருதி சேர்கிறதா, மல்லாரியின் வேகம் மாறும் இடத்தில் எல்லோரும் ஒன்றாகத் திரும்புகிறார்களா, தவில்கள் ஒரே கையாகத் தீர்மானத்தில் வந்து விழுகின்றனவா. இதற்கு இருபதடி போதாது. நாற்பது ஐம்பதடி தள்ளி, நடுவில் நில்லுங்கள். ஒரு பையனின் சீவாளி பிசகினால் அவனையே உற்றுப் பார்க்காதீர்கள். முடிந்ததும் தாராளமாகக் கைதட்டுங்கள், ஆசிரியரிடம் போய்ப் பாராட்டைச் சொல்லுங்கள்.

உடன் வந்த பிள்ளை, “நானும் கத்துக்கணும்ப்பா” என்று கேட்டால், புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. நாதஸ்வரம், தவில் வகுப்புகள் மூன்றாண்டுப் படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். இந்த இரண்டுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். சேர்க்கை கோடை விடுமுறை முடியும் சமயத்தில் நடக்கும். விண்ணப்பம் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போய், வகுப்பு நடக்கும் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். முதல் சில மாதங்களுக்கு மூச்சு நிற்காது, உதடு வலிக்கும் என்பதை ஆசிரியர் வாயாலேயே அவன் கேட்டுக்கொண்டு சேரட்டும்.